வெளியூர்க்காரர் கணக்கு

சேசு மரி சூசை

கில்மோரா,
மார்ச் 9

அன்புள்ள மகன் டெக்லனுக்கு,

வியாழக்கிழமை மாலை பங்குக் கோயில் மண்டபத்தில் கூடியவர்கள்: ஃபாதர் மலக்கி, இறைச்சிக் கடை ஃபின்பார், பப் நடத்தும் மேவ், மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஓர்லா என்ற பெண், பிறகு நான். ஐந்தே பேர். உன் அப்பா வரவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அந்த மண்டபத்துக்கு எத்தனை படி என்று உனக்கே தெரியும்.

பேச்சு முழுக்க ஆகஸ்ட் மாதப் பிடில் வார இசை விழாவைப் பற்றித்தான். அரசு மானியம் கிடைத்தால்தான் இந்த ஆண்டு விழா. அதற்கு, விழாவால் ஊருக்குப் புதிதாக எவ்வளவு பணம் வந்தது என்று காட்ட வேண்டும். மேவ் தன் கல்லா நிரம்பியதைச் சொன்னாள். "அதுல பாதி உங்க ஊர்க்காரங்க குடிச்சது அக்கா. விழா இல்லன்னாலும் குடிச்சிருப்பாங்க" என்றாள் ஓர்லா. "இவ்வளவு குடிச்சிருக்க மாட்டாங்க. அது என் உழைப்பு" என்றாள் மேவ். ஃபாதரே சிரித்துவிட்டார். வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அந்தப் பெண் சொன்னது புரிந்தது. மளிகை டப்பாவில் இருந்ததை எடுத்து மெழுகுவர்த்தி டப்பாவில் போட்டுவிட்டு வரவு என்று எழுத முடியுமா?

ஆக, விழா இல்லாவிட்டால் வந்தே இருக்க மாட்டோம் என்கிறவர்களின் செலவுதான் கணக்கில் சேரும். போன ஆண்டு மண்டப வாசலில் மேசை போட்டு 'விழா இல்லாவிட்டால் வந்திருப்பீர்களா?' என்று எல்லோரிடமும் கேட்டது நான். நீயும் வரிசையில் வந்து நின்றாய். மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே உன்னையும் கேட்டேன். "வந்திருக்க மாட்டேன்மா" என்று சிரித்தாய். உனக்குப் பின்னால் நின்ற ஃபின்பார், "நோரீன், உம் புள்ள அசல் டூரிஸ்ட். முழு மார்க்கு போடு" என்றார். போட்டேன். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது சிக்கல் அதில்தான். ஊர் திரும்பி வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே சொல்லியிருக்கிறீர்கள். பெற்றோர் வீட்டுக்கு வருகிறவர்களை எப்படி வெளியூர்க்காரர் என்று சேர்ப்பது என்று மேலதிகாரிகள் கேட்கிறார்களாம். உங்களை எடுத்துவிட்டால் மானியம் கிடையாது. ஈஸ்டருக்கு முன் ஓர்லா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பாள். நீ இருக்கிற ஆஸ்திரேலியாவுக்கும் கூப்பிடுவாள். ஃபின்பார் என்னைத் தனியாகப் பிடித்து, "பையன்கிட்ட சொல்லி வை. போன வருஷம் சொன்னதையே சொல்லட்டும்" என்றார். என் பிள்ளைக்குப் பொய் சொல்லித் தரமாட்டேன் என்றேன். "பொய்யா? அவன் வாயாலதானே சொன்னான்" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை போனில் இதையெல்லாம் பேச முடியாது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கால்வே டாக்டர் அவர் இதயத்தைப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லையாம். உனக்குச் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. "பிடில் வாரத்துக்கு எப்படியும் வருவான்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்கிறார். விழாவே சந்தேகம் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. உன் அறைச் சன்னலுக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறார், நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து.

ஜெபமாலையில் தினமும் பத்து மணி உருட்டுவது உனக்காகத்தான். விழா நடக்க வேண்டும் என்று கேட்பதா, வேறு எதையாவது கேட்பதா என்று தெரியாமல் உன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மாதா உன்னைக் காப்பாளாக.

ஓர்லா கேட்டால் உண்மையைச் சொல். ஃபின்பாருக்காகவும் மாற்ற வேண்டாம், எனக்காகவும் மாற்ற வேண்டாம். ஆனால் அவளிடம் சொல்வதற்கு முன்னால் எனக்கு எழுது. விழா இல்லாவிட்டால் வருவாயா? சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அம்மா