திவ்யாவின் மலைப் படத்தில் நீங்கள் இல்லை

என்னோடு வாயாடி ஜெயித்த ஒரே மனுஷியான என் அண்ணிக்கு,

நீங்கள் போய் நாலு பௌர்ணமி ஆகிவிட்டது. இந்த ஊரில் வேறு எப்படிக் கணக்கு வைப்பது? மாசாமாசம் மலை சுற்ற ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறது. அண்ணன் சாப்பிடுகிறான், ஆபீஸ் போகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். டவுனில் தையல் கடை வைத்துத் தனியாக இருந்த என்னை, "திவ்யா பாப்பாவப் பாத்துக்க ஆளில்ல, வந்து இரு" என்று வேங்கிக்காலுக்குக் கூட்டிவந்துவிட்டான். என் தையல் மிஷின் இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும். வேறு யாரைக் கேட்பேன்?

நீங்கள் டீச்சராக இருந்த ஸ்கூலில் நர்சரிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிய அந்தப் படம் வரைகிற சிடியை வீட்டிலும் போட்டுக் கொடுத்தீர்களே, திவ்யா அதை இன்னும் விடவில்லை. பென்சில், பிரஷ், ரப்பர், கலர் ஊற்றுகிற வாளி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்குத்தான் இன்றைக்கும் தகராறு. முதல்முதலாக நான் வீடு வரைந்து வாளியைத் தட்டினேன், திரை பூராவும் பச்சையாகிவிட்டது. "கோட்டுல எங்கயோ ஓட்டை விட்டிருக்கீங்க, அதான் வெளிய ஒழுகுது. பிளவுஸ் தைக்கும்போது இப்பிடி விடுவீங்களா?" என்று சிரித்தீர்கள். எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வரைக்கும் திவ்யா தினமும் மலையை மட்டும் வரைந்துகொண்டிருந்தாள்.

முதலில் இப்படி இல்லை. மலைக்கு இடது பக்கம் உங்களை வரைவாள். மஞ்சள் புடவை, நீளப் பின்னல், தோளில் ஸ்கூல் பை. மறுநாள் அதே படத்தைத் திறந்து உங்களை ரப்பரால் அழிப்பாள். கொஞ்சம் தள்ளி, மலைக்கு இன்னும் கிட்டத்தில், திரும்ப வரைவாள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் டமார் என்று வெடித்து அழிக்கிற பொத்தான் இருக்கிறதே, முன்பெல்லாம் அதைத் தட்டித் தட்டிக் குதிப்பாளே, இப்போது அதைத் தொடுவதே இல்லை. சின்ன ரப்பரைத்தான் எடுக்கிறாள். தலையிலிருந்து பாதம் வரைக்கும் பதமாகத் துடைக்கிறாள்.

ஒரு நாள் உங்களை அழித்தவள் திரும்ப வரையவே இல்லை. அன்றிலிருந்து வெறும் மலைதான். மலை, மேலே ஒரு சூரியன், வலது பக்கம் கதவு திறந்த ஒரு வீடு. ஒரு நாள் பாக்கியில்லாமல் அதே படம். அம்மா மேல் கோபமா? விட்டுட்டுப் போய்ட்டாளே என்றா? இல்லை, அண்ணன் சொன்ன மாதிரி மறந்துகொண்டு வருகிறாளா என்று குழம்பினேன். "கொழந்த தானே, மறந்துடுவா. நீ எதையும் கெளறாத" என்பான் அவன். மறந்தால் நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை அண்ணி. மறக்கட்டும் என்று நினைத்தாலே உங்களுக்குத் துரோகம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "எப்பப் பாத்தாலும் இதே மலைதானா? வேற எதுனா வரையேன்டி! அம்மாவ எங்க காணோம்?"

அவள் என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அம்மா மலைக்குப் பின்னாடி போவுது அத்தை. இங்கேருந்து எப்பிடித் தெரியும்?"

மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாது. உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது ஒரு பௌர்ணமி சாயந்தரம். வீட்டில் அழுகைச் சத்தம். நான் திவ்யாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடினேன். கீழே ரோட்டில் வெளியூர் ஜனம் மலை சுற்ற நடந்துகொண்டிருந்தது. "எங்க அம்மா?" என்றாள். என் வாய்க்கு என்ன வந்ததோ, "அம்மா மலை சுத்தப் போயிருக்குடி" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்துக்கு அவள் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் புத்தி.

மலை சுற்றப் போனவர்கள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது இந்த ஊரில் எந்தக் குழந்தைக்குத்தான் தெரியாது? இந்தப் பக்கம் போய், மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை வழியாக அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். வலது பக்கத்து வீட்டில் கதவை ஏன் திறந்தே வரைகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ அண்ணி, நாலு மாசமாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது அந்தப் பிள்ளை.

அன்றைக்கு என் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். "லேட்டாவுது அத்தை. நீ வரைஞ்சுடேன், அம்மா இந்தப் பக்கம் வர்ற மாதிரி."

வரைந்திருக்கலாம். மஞ்சள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கப்புறம் வாசலுக்கு ஓடிப் பார்ப்பாளே, அப்போது என்ன சொல்வேன்?

அம்மா சாமிகிட்ட போயிடுச்சு என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மற்ற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். இங்கே சாமி என்றால் ஜன்னலில் தெரிகிற அந்த மலையேதான். மேலே போயிடுச்சு என்றாலும் மலை உச்சியைப் பார்ப்பாள், தீபத்துக்கு ஏறுகிறார்களே, நாமும் ஏறலாம் என்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மலைதான் வந்து நிற்கிறது. கடைசியில் நான் சொல்ல மாட்டேன் என்று வைத்திருந்த வார்த்தைதான் மிச்சம்.

"அம்மா செத்துடுச்சு பாப்பா. வராது."

"நீ மலை சுத்தப் போயிருக்குன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

"பொய் சொன்னா அம்மா திட்டும்" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். திட்டுங்கள் அண்ணி, நாலு அறைகூட விடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. சரியாகச் சோறு இறங்கவில்லை. இப்போது அண்ணன் என்னோடு பேசுவதில்லை. "ஒன்ன யார் சொல்லச் சொன்னா?" என்று ஒருமுறை கேட்டான், அதோடு சரி. சொன்னது தப்பா, நாலு மாசம் சொல்லாமல் இருந்தது தப்பா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்து யோசித்துத் தைத்த துணியையே திரும்பத் தைக்கிறேன்.

நேற்று ஸ்கூல் விட்டு வந்து அவளாகவே கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் மிஷினில் இருந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். அதே மலை, அதே வீடு. வலது பக்கம் இரண்டு பேரை வரைந்தாள். பெரிய ஆள் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு சின்ன ஆள் ஒன்று. பெரிய ஆளின் கழுத்தில் மாலை மாதிரி ஏதோ தொங்கியது. தையல் டேப் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாமளா பாப்பா? எங்க போறோம்?"

"போவல. சுத்திட்டு வந்துட்டோம்."

மலைக்குப் பின்னால் யாரையாவது பார்த்தோமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டதா, இல்லை நாமே போய்த் தேடலாம் என்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்து அவள் கேட்டது இது ஒன்றுதான். "நீயும் அம்மா மாதிரி தனியா மலை சுத்தப் போவியா அத்தை?"

போக மாட்டேன் அண்ணி. வருகிற பௌர்ணமிக்கு, வெயில் தாழ்ந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். கால் வலித்தால் இடுப்பில் தூக்கிக்கொள்கிறேன். மலைக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் அவளே கண்ணால் பார்க்கட்டும். அங்கே அவள் என்ன கேட்டாலும் பொய் சொல்ல மாட்டேன். சுற்றி முடித்து, அவளை நம் வீட்டுக் கதவு வரைக்கும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவேன்.

உங்களிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
உங்கள் நாத்தனார்,
திவ்யாவின் அத்தை.