வெயிலில் மாட்டிய பனிச்சங்கிலி

காக்கா,

கனடாவிலிருக்கும் என் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். வீட்டு வாசலில் விழுந்த பனியைச் சின்ன டிராக்டர் ஒன்றால் தள்ளிக்கொண்டிருக்கிறான். டயர்களைச் சுற்றி இரும்புச் சங்கிலி. அது எழுப்பிய 'சளக் சளக்' சத்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா இதெல்லாம் பார்த்திருக்கவே மாட்டீங்க" என்று கீழே எழுதியிருந்தான். புஜைராவில் பார்த்திருக்கிறேன், அதுவும் ஜூலை மாதத்தில், என்று பதில் போட்டேன். மாமா மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிட்டாரா என்று அவன் அம்மாவிடம் விசாரித்தானாம். சாட்சிக்கு உங்களைக் கூப்பிடலாமென்றால், நீங்கள் கண்மூடி இரண்டு நோன்பு கழிந்துவிட்டது.

தொண்ணூறுகளில் புஜைரா ஐஸ் ஃபாக்டரியில் நான் கிளார்க், நீங்கள் டிராக்டர் டிரைவர்; எனக்குக் 'காக்கா', அதாவது கீழக்கரைப் பேச்சில் அண்ணன். மீன்பிடிப் படகுகளுக்கான உடைத்த ஐஸ், கிடங்கு மாதிரியான குளிர் அறைக்குள் குன்றாகக் குவிந்து கிடக்கும். அதை வாசல் பக்கம் தள்ளிவிடுவது உங்கள் டூட்டி. வெளியே அடுப்பு, உள்ளே இமயமலை. கீழக்கரைக்காரர்கள் எல்லாம் ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் கடை போட்டு உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக வளைகுடாவில் பனி தள்ளிக்கொண்டிருந்தீர்கள். ஊரில் இதைச் சொன்னால் யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்ல வேளையாக உங்களுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது.

ஐஸ்மேல் டயர் வழுக்கும். வண்டி உங்கள் கைக்கு மட்டும்தான் அடங்கும். அதில் உங்களுக்கு ஏகப் பெருமை. மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானதும் அந்தப் பெருமையே வினையாக வந்து நின்றது. நீங்கள் போனால் யார் ஓட்டுவது? மாற்றுக்கு ஒரு மலையாளிச் சேட்டனை ஏற்றி உட்கார வைத்தார்கள். வண்டி அவரையும் சுமந்துகொண்டு பக்கவாட்டிலேயே போய்ச் சுவரில் சாய்ந்தது. இறங்கியவர் கழன்று விழுந்த செருப்பைக்கூட எடுக்காமல் கேம்ப்புக்கு நடந்துவிட்டார்.

நம் அரபாப், அதாவது அரபி முதலாளி, தனக்குத் தெரிந்த உருதுவில் தீர்ப்புச் சொன்னார். "தூஸ்ரா ஆத்மி சலாயேகா, லீவ். நஹி சலாயேகா, லீவ் மாஃபி." வேறொருவன் ஓட்டிக் காட்டாவிட்டால் மகள் நிக்காஹ் தகப்பன் இல்லாமல்தான் நடக்கும்.

என் ஆபீஸ் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. பனியில் நிற்கும் சின்ன டிராக்டர் படம். நீங்கள் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தீர்கள்.

"தம்பி, இந்தச் சக்கரத்துல என்னமோ மாலை போட்டு ஈக்குதே?"

"அவங்க ஊர் ஆயுத பூஜையா இருக்கும் காக்கா."

"போடா. இது வழுக்காம ஈக்கத்தான்."

அந்த வெள்ளிக்கிழமையே ஷார்ஜாவுக்குப் போனீர்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய டிராக்டர்களை விற்கும் இடத்தில் அதே சங்கிலி கிடந்ததாம். கேட்டுக்குப் போடும் சங்கிலி என்று நினைத்துக் கடைக்காரன் மலிவாகக் கொடுத்திருக்கிறான். திரும்பி வந்த ஷேர் டாக்சியில் பக்கத்து சீட் தஞ்சாவூர்க்காரர், மடியில் கிடந்த இரும்பைப் பார்த்து, "என்னங்க, லாக்கப்லேர்ந்து நேரா வர்றீங்களா?" என்று கேட்க, "இல்லப்பா, மகளுக்கு நகை எடுத்துட்டுப் போறேன்" என்றீர்களாம். பாதி உண்மைதான்.

'வேறொரு ஆள்' நான் என்று முடிவானது. ஒன்றும் தெரியாதவன் ஓட்டினால்தான் அரபாப் நம்புவார் என்று காரணம் சொன்னீர்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

காலையில் முற்றத்து வெயிலில் வண்டியை நிறுத்தி, கை பொசுங்கப் பொசுங்கச் சங்கிலியை இறுக்கி மாட்டினோம். உள்ளே போய்ச் சற்று நேரம் ஓட்டியதும் அது தளர்ந்து, தகரத்தில் அடிப்பதுபோல அடித்து, கழன்று அச்சில் சுற்றிக்கொண்டது. வெளியே இழுத்து வந்து இன்னும் இறுக்கினோம். உள்ளே போனதும் மறுபடி அவிழ்ந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அரபாப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். உங்கள் முகம் சுண்டிப் போயிருந்தது.

மூன்றாம் முறை நான் வண்டியை விட்டிறங்கி, ஐஸ்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். "என்னால அந்த வெயிலுக்கு வர முடியாது காக்கா. வேணும்னா இங்கேயே மாட்டுங்க."

"மகளுக்கு நிக்காஹ்டா. சோம்பேறிப் பயலே, எந்திரி."

"இங்கே ஜிலுஜிலுன்னு இருக்கு."

திட்டிக்கொண்டே மதிய லுஹர் தொழப் போனீர்கள். திரும்பி வரும்வரை வண்டியும் என்னோடு சேர்ந்து குளிர்ந்து கிடந்தது. பிறகு விரல் மரத்துப்போய், என் பரம்பரையையே உருதுவில் விசாரித்தபடி, உள்ளேயே மாட்டினீர்கள். அரபாப் வந்தார். நான் ஓட்டினேன். சங்கிலி அசையவில்லை. ஐஸ் குன்று நகர்ந்து வாசலுக்கு வந்தது.

காலையில் ஏன் கழன்றது என்று அவர் கேட்டதும், நீங்கள் கண் சிமிட்டாமல் விளக்கினீர்கள். வெயிலில் டயருக்குள் காற்று விரியும், அப்போது இறுக்கினால் குளிரில் டயர் சுருங்கிச் சங்கிலி தளரும், அதனால் உள்ளேதான் மாட்ட வேண்டும் என்று. அவர் உங்கள் தோளில் தட்டி, "கலாஸ், லீவ்" என்றார்.

"இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றேன்.

"காலையிலேயே தெரியும். நீ கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்."

நீங்கள் ஊருக்குப் பறந்தீர்கள். லீவை இன்னொரு மாதம் நீட்டியும் கொண்டீர்கள். அதுவரை டிராக்டர் என் தலையில். புஜைராவின் ஜூலை வெயிலில் உதடு வெடித்துத் திரிந்த ஒரே தமிழன் நான்தான். டாக்டர், "எங்கே போய் வந்தாய்?" என்று கேட்டார். ஆபீஸுக்குத்தான் என்றேன்.

அதற்குப் பிறகு கேம்ப்பில் இந்தக் கதையை நீங்கள் சொல்லாத நாளில்லை. சொல்லச் சொல்ல உங்கள் மூளை பெருத்தது, என் பங்கு சிறுத்தது. கடைசியில் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த ஹெல்ப்பர். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீங்கள் மவுத்தானபோது கீழக்கரைக்கு வந்திருந்தேன். என் பேரைச் சொன்னதும் உங்கள் மகள் எழுந்து வந்தாள்.

"வாப்பாக்கு லீவு வாங்கிக் கொடுத்த மாமா நீங்கதானே? 'அந்தத் தம்பி மட்டும் சுறுசுறுப்பான ஆளா இருந்திருந்தா, உன் நிக்காஹ்வுக்கு நான் வந்திருக்க மாட்டேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

எங்கள் வீட்டில் என் சோம்பலுக்கு இதுவரை வசவு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. நற்சான்று என்று உங்களுடையது ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மின்விசிறியைத் துடைக்கச் சொல்லி மனைவி ஏணியைக் கொண்டுவந்து சாய்க்கும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிறேன்.

அவள் ஏணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதில்லை, காக்கா.