அட்டை எண்ணெய்

மேற்பிரிவு,
ஹட்டன்.
22.06.2025

அன்பு மகள் தனுஜாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் கட்டார் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பதினைந்து நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. எனக்கு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை நீ தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டதற்கு, நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அது சம்மதம் இல்லை, மகள். உன் மைத்துனர் யோகேஸ்வரன் மீது நான் கொடுத்த முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொன்னாய். மாப்பிள்ளை அண்ணனுக்கும் மாமனாருக்கும் நடுவில் சாப்பிடாமல் கிடக்கிறார் என்றாய். எதிரே யாராவது அழுதால் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் வரும். ஆகவே நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் யோகேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறிய போத்தல். லேபல் இல்லை. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அட்டை ஏறாமலிருக்கத் தானே எண்ணெய் தயாரித்திருப்பதாகச் சொன்னார். அட்டைக்காகச் சவர்க்காரமும் தேசிக்காய்ச் சாறும் தேய்த்துக்கொண்டு இன்னும் எத்தனை காலத்துக்கு என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரும்படி கேட்டார். அச்சடிக்கலாமே என்றேன். "அச்சு எதுக்கு மாமா? ஒங்க முத்து முத்தான எழுத்தே போதும், அப்படியே கொப்பி எடுத்துக்கிறேன்" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். "மூலிகைதான் மாமா" என்றார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். முப்பத்தொரு வருடம் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. தேயிலைக்கு அடிக்கிற மருந்து டின்களின் வாசனையை நான் மறக்க முடியுமா? மண்ணெண்ணெய்க்கு அடியில் அந்த வாசனை இருந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? எழுபத்து நான்கு வயது மூக்கை நம்பலாமா என்று என்னையே சந்தேகப்பட்டேன். மாப்பிள்ளையின் அண்ணனைச் சந்தேகப்பட எனக்குத் தைரியம் இல்லை. மூடியைத் திருகி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அட்டைக் கடியிலிருந்து முழுப் பாதுகாப்பு. தூய மூலிகைகளால் ஆனது. இந்த இரண்டு வரிகளும் அவர் சொல்லி நான் எழுதியவை. மூன்றாவது வரி என்னுடையது. இரண்டோடு நிறுத்தினால் பத்தி முடியாதது போலிருந்தது. "உடலுக்கு எவ்விதத் தீங்கும் அற்றது" என்று நானாகச் சேர்த்தேன். எவரும் கேட்கவில்லை, மகள்.

அந்த எண்ணெயை லயத்தில் அவரிடம் வாங்கிப் பூசிய பதினொரு பெண்களுக்குக் கால் வெந்துபோயிற்று. மழை நாளில் அவர்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பொலிதீன் கட்டிக்கொண்டுதானே மலைக்குப் போகிறார்கள்? எண்ணெயைத் தேய்த்து, அதன்மேல் பொலிதீனைக் கட்டிக்கொண்டு, காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போயிருக்கிறார்கள். காற்றுப் புகாமல் உள்ளேயே அது தோலைத் தின்றிருக்கிறது. பத்து மணிக்கே எரிச்சல் தொடங்கிவிட்டதாம். மருந்து என்றால் எரியத்தான் செய்யும் என்று, பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை பறித்திருக்கிறார்கள். பொலிதீனை அவிழ்த்தபோது தோலும் கூடவே வந்தது.

நம் கீழ் லயத்து வரிசை வீட்டு வீரம்மாவுக்குத்தான் மோசம். அவள் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் ஆறு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் நின்றேன். அவள்தான் கிட்ட வரச் சொன்னாள். "ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா ஒங்க எழுத்து தெரியும். எம்மகனுக்கு பேர் பதிஞ்ச கடுதாசி, எங்க வீட்டுக்காரரு செத்தப்ப எழுதுன பெட்டிசன், எல்லாத்தையும் பொட்டியிலதானே வச்சிருக்கேன். அதே எழுத்துன்னு பாத்துத்தான் வாங்குனேன்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஏன் வாங்கினாய் என்று நான் கேட்டதற்கு விளக்கம் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், "கிளாக்கரையா எழுதுனா கவர்மெண்டே கேக்கும், அட்டை கேக்காதான்னு நெனச்சோம்" என்றதும் வார்டே சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டவுனில் அன்ஸாரின் கடைக்குப் போனேன். எண்ணெய் முதலில் விற்பனைக்கு அவருடைய கடைக்குத்தான் வந்திருக்கிறது. "உள்ளுக்கு என்னா ஈக்குதுன்னு கேட்டேன் ஐயா, ஒழுங்கா பதில் வரல்ல. செஞ்சவன் பேரில்ல, வெலாசமில்ல. நாளைக்கி ஏதாச்சும் ஆனா சனம் யார் கழுத்த புடிக்கும்? அதான் வேணாமுன்டேன். அதுக்குப் பொறகுதான் ஒங்ககிட்ட வந்தீக்கிறாரு" என்றார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் கேட்ட கேள்வியை நானும் கேட்டேன். ஆனால் பதில் வராதபோது அவர் மறுத்தார், நான் எழுதிக் கொடுத்தேன். இப்போது அந்த எண்ணெயை விற்காத அவருடைய கடையிலும் ஆட்கள் சந்தேகப்பட்டு, நல்ல சாமானைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். பாவம், அவர் என்ன செய்தார்?

அவரே என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நுகர்வோர் முறைப்பாடு எடுக்கிற இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களப் பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் துண்டுப்பிரசுரத்தைத் தூக்கிப் பிடித்து, இதை எழுதியது யார் என்று கேட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மம" என்றேன். நான் என்று அர்த்தம். என் சிங்களத்தில் அதற்குமேல் அன்றைக்கு வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை வந்து முழு வாக்குமூலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இது தெரிந்து யோகேஸ்வரன் வந்தார். அம்மா தேநீர் கொடுத்தாள். "மாமா, மூணாவது வரிய நான் எழுதச் சொல்லலையே. மாட்டுனா ரெண்டு பேரும் சேந்துதான் மாட்டுவோம். இந்த வயசுல வழக்கு, கோடு, கச்சேரின்னு அலையப் போறீங்களா?" என்றார். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், அவர் சொன்னதில் பாதி உண்மை. பிறகு காலை ஆட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்: "லயத்துப் பொம்பளைங்களுக்கு கால் புண்ணாகுறது என்ன புதுசா மாமா? ரெண்டு நாள்ல ஆறிடும்."

அவருடைய தாயும் அதே மலையில் கூடை சுமந்தவர்தான்.

தனுஜா, எனக்குக் கோபம் வருவது அபூர்வம் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பீர்கள். அன்றைக்கு வந்தது. வந்தும் என்ன பயன்? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மாதான் படியில் நின்று, "அந்தத் தண்ணிய ஒங்க கால்ல பூசிக்கிட்டு ஒரு நாள் மலைக்குப் போயிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்!" என்று சத்தம் போட்டாள். என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு இன்னொரு கோப்ப தேத்தண்ணி வேணுமான்னு கேட்டிருப்பீங்க" என்றாள். கேட்டிருப்பேன்தான்.

தெரியாமல் நடந்த பிழைக்கு அவரை இப்படித் துரத்தலாமா என்று நீ கேட்டாய். முதல் போத்தல் விற்றபோது தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். போன திங்கட்கிழமை அன்ஸாருக்குச் சாமான் கொண்டுவருகிற லொறிக்காரர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு போத்தல் வாங்கி வந்திருக்கிறார். அதே எண்ணெய், அதே வாசனை. கூடவே என் எழுத்தில், என் மூன்றாவது வரியோடு அதே தாள். பதினொரு பேர் கால் வெந்து கிடப்பதைப் பார்த்த பிறகும் அந்த மனிதர் போய் வேறு லயத்தில் கடை விரித்திருக்கிறார்! அங்கே உள்ளவர்களுக்கு என் எழுத்தைத் தெரியாது. அதனால் என்ன? தாளில் தீங்கில்லை என்று இருக்கிறது, வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை இருந்தால் போதும். இந்த மழையில் இந்த நேரம் எந்தப் பெண் அதைத் தேய்த்து, மேலே பொலிதீனைக் கட்டிக்கொண்டிருக்கிறாளோ? இதை எப்படி நான் வாபஸ் வாங்குவேன், சொல்லு?

மாப்பிள்ளையை வெளிநாடு அனுப்ப ஓடித் திரிந்தவர் யோகேஸ்வரன்தான். அதை நான் மறக்கவில்லை. வாக்குமூலத்தில் அவருடைய குற்றத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டேன், என்னுடையதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். அந்த வாசனையை அறிந்தும் எழுதினேன் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டேன். இதனால் எனக்கு என்ன வரும் என்று அன்ஸாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை கிழித்துவிட்டு மூன்றாம் தடவை எழுதினேன்.

இதைப் படம் பிடித்து உடனே உனக்கு அனுப்பலாமே என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். தபாலில்தான் போடுகிறேன். உன் கைக்கு இது வரும்போது செவ்வாய்க்கிழமை போய்ப் பல நாள் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் நீ இன்னொரு தடவை அழுதால், நான் இன்னொரு தடவை "ம்" என்று சொல்லிவிடுவேன், மகள். என்னை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கோபத்தில் என்னோடு பேசாமலிருந்தால் பரவாயில்லை. உன்னைப் பேசாமலிருக்கும்படி சொன்னாலும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொள். அம்மாவோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசு. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன், வாயே திறக்க மாட்டேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்னையா