பென்சிலில் எழுதிய ஐந்து உதாரணங்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கடையிலிருக்கும் இரண்டு ஜெராக்ஸ் மிஷின்கள் எல்லோரும் சுகம். பெரிய மிஷினில் அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்கிறது, உன் அப்பாவுக்கு மாடிப்படியில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, இரண்டுக்கும் வைத்தியம் பார்ப்பது நான்தான் என்பது உனக்குத் தெரியாததல்ல. நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு சுகமா என்று கேட்கவே கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. அவள் காதில் விழக் கூடாது என்று போன் பண்ணாமல் கடிதமாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம், நானும் அப்படியே பதில் எழுதுகிறேன். போனில் என்றால் 'அம்மா, அம்மா, ஒரு நிமிஷம்' என்று நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ கேட்டது இவ்வளவுதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற உன் மனைவியை, ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் புதுசாகத் திறக்கிற கிளைக்குப் பொறுப்பாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்றரை வருஷம், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகலாம், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். "நான் வேண்டாம்னு சொல்லலம்மா, அவ இஷ்டம்தான், ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைக் கேள், அதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

இந்த வருஷம் நம் கடை இருக்கிற கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும், கணக்குப் படிக்கிறவர்கள், வணிகம் படிக்கிறவர்கள் என்று யாரையும் விடாமல், 'பாலினமும் பெண்ணியலும்: ஓர் அறிமுகம்' என்று ஒரு பாடம் வைத்துவிட்டார்கள். பாடம் வந்துவிட்டது, புத்தகம் வரவில்லை. பேராசிரியை வகுப்பில் சொல்லச் சொல்ல ஒரு சுருட்டை முடிக்காரப் பெண் முத்து முத்தாக எழுதி நம் கடைக்குக் கொண்டுவருவாள், அதை நாங்கள் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்போம். ஒரு பக்கத்தை மிஷினில் வைத்து மூடுவதற்குள் அதைப் படித்துமுடிப்பது எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம், அப்படித்தான் எனக்குக் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் விலங்கியலும் தெரியும். ஆனால் சட்டம் படித்தபோதும் தவளையின் இதயம் படித்தபோதும் வராத சந்தேகம் இதைப் படித்தபோது வந்தது, இந்தப் பேராசிரியை எப்போது நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று. அந்தப் பெண்ணுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, இரட்டைச் சுமைன்னா என்னக்கா, மனப்பாடம் பண்ணிட்டேன், புரியத்தான் இல்ல" என்றாள். என்னை இன்னும் அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன், அவளுக்காக நான் எதையும் செய்வேன். புரியட்டும் என்று அவள் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் உதாரணங்கள் எழுதிக் கொடுத்தேன். பென்சில் எழுத்து நம் மிஷினில் விழாது, எனக்குத் தெரியாதா என்ன.

என்ன எழுதினேன் என்று கேட்கிறாயா? இரட்டைச் சுமைக்கு: ஒருத்தியும் ஒருத்தரும் சேர்ந்தே காலையில் கடை திறக்கிறார்கள், சேர்ந்தே சாயங்காலம் மூடுகிறார்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் "அப்பாடா" என்று உட்காருகிறார், அவள் நேராக அடுப்படிக்குப் போகிறாள், அந்த "அப்பாடா"வைச் சொல்ல அவளுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அடுத்தது உதவி என்ற சொல்லுக்கு: ஒருத்தர் தான் குடித்த டம்ளரை ஒரு தரம் கழுவினார், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி "வீட்டு வேலையில நான் நல்லா ஹெல்ப் பண்ணுவேன்" என்றார், யார் வீட்டு வேலையில் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. கேஸ் எப்போது தீரும், டாக்டர் எந்தத் தேதிக்கு வரச் சொன்னார், யார் யாருக்குப் பிறந்தநாள் என்று அத்தனையும் ஒருத்தி தலையில் இருக்க, அவள் வீட்டுக்காரர் "என் மூக்குக்கண்ணாடி எங்க?" என்று அவளையே கேட்கிறார், மூக்குக்கண்ணாடி அவர் தலைமேல் இருக்கிறது. நாலாவது, மிஷினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்யத் தெரிந்தவள் அவள், ஆனாலும் சர்வீஸ்காரர் அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு பதிலை அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வார், அவரும் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுவார். ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன், பொறு.

எழுதி வைத்துவிட்டு, அழிக்க மறந்து, மிஷினுக்கு டோனர் பொடி வாங்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் உன் அப்பா வேலையை முடித்திருந்தார். அந்தப் பெண்ணின் பேனா மங்கலாக இருக்கிறதே என்று மிஷினில் கறுப்பை முழுசாக ஏற்றி நூற்று இருபது பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, அடுக்கிவைத்து, பாதியைக் கொடுத்தும் விட்டார். பென்சில் எழுத்து அச்சடித்த மாதிரி பளிச்சென்று விழுந்திருக்கிறது. தன்னைப் பற்றிய நாலு உதாரணங்களைத் தன் கையாலேயே நூற்று இருபது தரம் எடுத்தவர், ஒரு வரி படிக்கவில்லை! எனக்குச் சிரிப்புதான் வந்தது, பிள்ளைகள்தானே, யார் ஓரத்தையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஓரத்தை மட்டும்தான் படித்திருக்கிறார்கள். பரீட்சை முடிந்த பத்தாம் நாள் அந்தப் பேராசிரியை விடைத்தாள் கட்டோடு கடை வாசலில் வந்து நின்றார். எண்பத்தேழு பேர் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்த கணவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம், ஒருத்தன் மேலே ஒரு படி போய் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று வேறு சேர்த்திருக்கிறானாம். கல்லூரி பார்த்துக் கொடுத்த அறை இது, முதல்வர் காதில் போட்டால் மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டியதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உன் அப்பாவிடம் ஒரு தாளை நீட்டி, "சார், இந்த உதாரணமெல்லாம் யார் எழுதினது, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். உன் அப்பா தாளை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்து, கிட்டே பிடித்துப் பார்த்து, சட்டைப் பையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, என் கண்ணாடி எங்க?" என்றார். தலைமேல் இருந்தது. பேராசிரியை அவர் தலையைப் பார்த்தார், விடைத்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பர் கட்டு மேல் அப்படியே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுபடி மூச்சு வந்ததும், அடுத்த வருஷம் பென்சிலில் வேண்டாம், மையிலேயே எழுதுங்கள், வகுப்புக்கும் ஒரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பரீட்சைக்கு ஒரு கேள்வியும் தயாராம், அந்த மனைவி சிரிக்கிறாளா கோபப்படுகிறாளா, காரணம் கூறுக என்று. எனக்கே விடை தெரியவில்லை.

உன் அப்பா அன்றைக்குத்தான் முதல்முதலாக முழுசாகப் படித்தார். மூன்றாம் நாள், "மூணாவது சரி, அத ஒத்துக்கறேன், நாலாவது அநியாயம், நானும் ஒரு தடவ சிக்கின பேப்பர உருவியிருக்கேன்" என்றார். உருவினார், உருளையோடு சேர்த்து. ஆனால் போன வாரம் சர்வீஸ்காரர் வந்து வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்ததும், "அவங்ககிட்ட சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்று உனக்குத் தெரியாது, அந்தக் கதை நடந்தபோது உனக்கு மூன்று வயது.

அப்போது மிஷின் விற்கிற கம்பெனிக்காரர்கள், இந்த அம்மா கை வைத்தால் மிஷின் ஓடுகிறதே என்று, மூன்று மாதம் வெளியூரில் சர்வீஸ் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உன் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றார். சொல்லிவிட்டு என் அம்மாவுக்குப் போன் பண்ணினார். என் அம்மா மறுநாளே வந்து, "விட்டுக் குடுத்துப் போம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள், நானும் கேட்டேன். நான் ஒருநாளும் இதை உன்னிடம் சொன்னதில்லை, உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். அவ இஷ்டம்தான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா என்ற வரியைப் படித்ததும் யார் எழுதியது என்று திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தேன் கண்ணா. ஒரிஜினல் உன் அப்பாவிடம் இருக்கிறது, நீ எடுத்திருப்பது பிரதி. கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன், உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இதுவரை வந்ததில்லை. அப்புறம் ஐந்தாவது உதாரணம் ஞாபகம் வந்தது. ஒருத்தி தன் மகன் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விடாமல் செல்லமாக வளர்த்தாள், அவன் பெரியவனாகி, அந்தத் தட்டு தானாகவே எழுந்து போகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அது நீதான். எண்பத்தேழு பேருக்கு உன்னைத் தெரியும். ஆனால் அதில் குற்றவாளி நீ இல்லை, நான், அதனால்தான் திட்டாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டபடி இன்று காலை மருமகளிடம் போனில் பேசினேன். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய், கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை, ஒரே வார்த்தைதான் சொன்னேன். "போ." "நெஜமாவா அத்த?" என்றாள், குரல் உடைந்திருந்தது. நிஜமாகத்தான் என்றேன். என் அம்மா எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது, இத்தனை வருஷம் என்னிடமே தங்கிவிட்டது, உரிய இடத்தில் கொடுத்துவிட்டேன். நீ சொல்லித்தான் பேசினேன் என்பதையும் சொல்லியிருக்கிறேன், என்ன சொல்லச் சொன்னாய் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன், நல்ல பெயர் உனக்கே இருக்கட்டும், அதைக் காப்பாற்றுவது உன் சாமர்த்தியம்.

உன் அப்பாவும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்: "அவ போகட்டும்டா, சமைக்கத் தெரியலன்னா எனக்கு போன் பண்ணு, எனக்கும் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து கருக்கலாம்." இதைச் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிவைத்தார், இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை, நான்தான் உனக்குச் சொல்கிறேன். இரண்டு பேரும் நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் இருங்கள், அவள் கிளம்புகிற அன்று பெட்டியை நீ தூக்கு, ரயில் ஏறுகிறவரை முகத்தைத் தூக்காதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த வருஷ நோட்ஸில் ஆறாவது உதாரணத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், அதை மையில்தான் எழுதப்போகிறேன், அழிக்க முடியாது. என்ன எழுத வேண்டும் என்பதைப் பதினைந்தாம் தேதி நீ நடந்துகொள்கிறதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். இதில் உண்மையிலேயே உன் இஷ்டம்தான்.

ஆயிரம் முத்தங்களுடன்,
ஐந்தாவது உதாரணத்தின் அம்மா