சம்மாட்டியாரின் ‘ரைட்’

ஞாயிறு, இரவு.

அக்காவின் மகள் சுகந்திக்கு ஒரு பெடியனை நன்றாகப் பிடித்துவிட்டது. இன்று அவனுடைய தகப்பன் இறக்கக்கண்டியிலிருந்து சம்பந்தம் பேச வந்தார். நாலு வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி. வாயில் ஒரே சொல்தான். தேத்தண்ணி கொடுத்தால் ‘ரைட்’. சாதகம் பொருந்துகிறது என்றால் ‘ரைட்’. இங்கே வள்ளம் தள்ளவும், பஸ்சை எடுக்கவும், சண்டையை முடிக்கவும், போனை வைக்கவும் அதே சொல்தான். துறைமுகத்தில் பத்து நாட்டுக் கப்பற்காரரை இங்கிலீஷால் மடக்கிய எனக்கே அவருடைய மனம் பிடிபடவில்லை.

“பிள்ளை கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள்,” என்றாள் அக்கா.

“ரைட்,” என்று எழும்பிவிட்டார்.

அக்கா என்னை முழங்கையால் இடித்தாள். “தம்பி, மனிசன் போகப்போறார். ஏதாவது கதையன்ரா!”

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் எவரும் கை நனைத்துச் சாப்பிடமாட்டார்கள். ஆனாலும் துணிந்து கேட்டேன்: “அண்ணை, சாப்பிட்டிட்டுப் போங்கோவன்.”

“அதுக்குத்தானே எழும்பினனான். கை கழுவ எங்க தண்ணி?”

பாரை மீன் கறியில் ஒரு சட்டி முடிந்தது. அக்கா குசினிக்குள் அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதாள்.

“மாமா, உங்கட இங்கிலீஷ் எங்க போனது?” என்று சுகந்தி சிரித்தாள்.

“நான்தானேடி பேசி முடிச்சனான்,” என்றேன். நாளைக்கு எங்கள் சல்லி ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லப்போகிறேன்.