பார்க்கலாம்

மார்ச் 3, செவ்வாய்

பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். ஞாயிறு இணைப்பில் எந்தப் பத்தி வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். மேசையில் புதிதாக ஒரு தொட்டிச் செடி இருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வாரா வாரம் யாருக்குமே தெரியாத படமா எழுதறீங்க," என்றார்.

"தெரிஞ்ச படத்த நான் எதுக்கு சார் சொல்லணும்? அதான் தெரியுமே."

"சரி, நீங்க சொல்லி யாராவது பாத்தாங்களா? ஒரே ஒரு ஆள காட்டுங்க."

ஒரே ஒரு ஆள். 'வீட்டிலேயே நடுங்கலாம்' என்று (தலைப்பு அவர் வைத்தது) வருடக்கணக்காக எழுதுகிறேன். அதிகம் பேசப்படாத திகில் படங்கள், ஆவணப்படங்கள். ரிமோட்டை அழுத்தி அழுத்தி விரல் வலித்தால்தான் கண்ணில் படும், அவ்வளவு அடியில் புதைந்து கிடப்பவை. பேருந்தில் வீடு வரும்வரை அந்த ஒரு ஆளை யோசித்தேன். இறங்கியபோதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசிவரை அவகாசம். அப்புறம் என் இடத்தில் பால்கனித் தோட்டம்.

மார்ச் 5, வியாழன்

பிழை திருத்துபவரிடம் கேட்டேன். என் பத்தியை அச்சுக்கு முன்பு படித்தே தீர வேண்டிய ஒரே மனிதர் அவர். போன வாரம் நான் எழுதிய உப்புச் சுரங்க ஆவணப்படம் பார்த்தீர்களா?

"பாக்கலாம் சார்."

தெருமுனை மருந்துக்கடைக்காரர்: "பாக்கலாம் சார், பாக்கலாம்." (இரண்டு முறை சொன்னால் நிச்சயம் பார்க்க மாட்டார் என்று பொருள்.)

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். "நாள் பூரா உள்ள இருந்து அலறல் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தும் கேக்கணுமா? சரி, பாக்கலாம்."

'முடியாது' என்பதற்கு நம் மொழியில் இவ்வளவு மரியாதையான சொல் வேறு இல்லை. யாரும் புண்படுவதில்லை. யாரும் பார்ப்பதுமில்லை.

மார்ச் 9, திங்கள்

மாமனாரை அழைத்து வந்தாயிற்று. வலது கண்ணில் விழித்திரை விலகி, அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது மேலே மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு மனிதர் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், பேசும்போதும், தூங்கும்போதும். இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் தரைதான் காட்சி.

ஆஸ்பத்திரி எங்கள் தெருவுக்குப் பக்கம். அத்தைக்கு முதுகுவலி, அவரால் தூக்கி உட்கார வைக்க முடியாது. ஆகவே எங்கள் கூடத்தில் கட்டில், தலைமாட்டில் முகம் வைக்க நடுவில் ஓட்டை போட்ட மெத்தை. டிவியும் அதே கூடத்தில்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் ஒரு கேள்வி உண்டு: இந்தப் பெட்டியில் நீ எப்படி ஏறினாய்? இப்போது அந்தப் பார்வை முழுக்கத் தரை ஓடுகளுக்குப் போகிறது. ஓடுகள் பாவம்.

மார்ச் 10, செவ்வாய்

மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

"என்ன மாப்ள, ஆபீஸ் போகலயா?"

"இதுதான் மாமா ஆபீஸ்."

"படம் பாக்கறதா?"

"ஆமா."

"அதுக்குச் சம்பளம் தராங்களா?"

"தராங்க மாமா."

மெத்தையின் ஓட்டைக்குள்ளிருந்து நீண்ட பெருமூச்சு. "பாவம்," என்றார். யார் என்று சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

ஹெட்போன் போட்டேன். "எனக்குக் கேக்காம அப்படி என்ன படம் அது?" கழற்றிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

இன்றைய படத்தில் ஒரு வீடு. நாளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் அதிகமாகிக்கொண்டே போகும் வீடு. நான் இதை எழுத ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன்.

"யாரது பேசறது?"

"வீட்டுக்காரி மாமா."

"எங்க நிக்கறா?"

"சமையலறைல."

"கையில என்ன வச்சிருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணும் எடுக்காம எதுக்குச் சமையலறைக்குப் போனா?"

படத்தை நிறுத்தினேன். எதற்குப் போனாள்? இயக்குநருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்தக் காட்சியைப் பாராட்டி ஏற்கெனவே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அழித்தேன். அழித்த எரிச்சலில் சாயங்காலம் மருந்தைத் தவறான கண்ணில் விடப் போய், "அது நல்ல கண்ணு மாப்ள, அதையாவது விடுங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

காதுப் பரிசோதனைப் படம். எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஒலி புகாத சிறிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே கருவியை இயக்குகிறவர் எழுந்து போய்விடுகிறார். அவளுக்குத் தெரியாது. கருவி நின்றுவிட்டது. அவள் அழுத்துகிறாள். மறுபடியும் அழுத்துகிறாள். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு விரல், ஒரு பொத்தான், அவ்வளவுதான். 'பூரண மௌனத்தைக் கொண்டு பயமுறுத்திய படம்' என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நல்ல வாக்கியம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாமனார் வழக்கம்போல விசாரித்தார். அறை எவ்வளவு பெரியது, கதவு எந்தப் பக்கம், அவள் செருப்பு போட்டிருக்கிறாளா. சொன்னேன். படத்தில் மௌனம் வந்தது. அவரும் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ரூம்ல எத்தன பேரு?"

"ஒருத்திதான் மாமா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஒருத்திதான்."

"ரெண்டு பேரு மூச்சு விடறாங்களே."

சத்தத்தைக் கூட்டிப் பின்னால் ஓட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. அப்புறம் என்ன தோன்றியதோ, நானும் டிவிக்கு முதுகைக் காட்டித் தரையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஒரு மூச்சு. அது முடிகிற இடத்தில், கொஞ்சம் தாழ்வாக, இன்னொன்று.

மத்தியான வெயில், கீழே தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார்கள், என் முதுகு சில்லிட்டுப் போனது. மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அவள் விரலையே பார்த்திருக்கிறேன். பூரண மௌனமாம்.

"டிக்கெட் இல்லாதவன் கக்கூசுக்குள்ள மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்," என்றார் மாமனார். "ரொம்ப நேரம் பிடிக்க முடியாது."

மார்ச் 14, சனி

எழுதி அனுப்பிவிட்டேன். 'இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள்' என்று ஆரம்பம். டிவிக்கு முதுகு காட்டி உட்காருங்கள், கேளுங்கள், அறையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள் என்று தொடர்ச்சி. வீட்டில் குனிந்தபடி இருக்கும் ஒரு பெரியவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்றும் எழுதினேன். நான் தவறவிட்டதையும் மறைக்கவில்லை.

இவ்வளவு நாளில் எழுதியதில் இதுதான் உருப்படி.

மார்ச் 22, ஞாயிறு

தலைப்பு: 'பார்க்கவே கூடாத படம் - எச்சரிக்கிறார் நம் விமர்சகர்'.

முதல் பாதி மட்டும் இருக்கிறது. முதுகு காட்டுவது, கேட்பது, மூச்சு, பெரியவர் - எதுவும் இல்லை. அந்த இடத்தில் மண்புழு உர விளம்பரம். ஆபீஸ்ல எட்டு மாடி ஏறி, நாலு பேர் கண்ணு வழியாப் போயி, ஒருத்தருக்குமா புரியல? பிழை திருத்தறவர் என்னத்தத் திருத்தினாரு? 'பார்க்காதீர்கள்'னா திட்டுன்னு நினைச்சுட்டாங்க. நான் என் வாழ்க்கைலயே இவ்வளவு ரசிச்சு எழுதினது கிடையாது -

மனைவி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"நான் எங்க?" என்றார்.

"வெட்டிட்டாங்கப்பா."

"உரத்த மட்டும் வெட்டல போல."

மார்ச் 25, புதன்

பார்த்திருக்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரர் சில்லறையைக் கூட எண்ணாமல் கேட்டார்: "என்ன சார் அந்தப் படத்தப் போட்டு அப்படித் திட்டிட்டீங்க? அப்படி என்னதான் இருக்குன்னு போட்டுப் பாத்தோம். நல்லாத்தான சார் இருக்கு?"

"மூச்சுச் சத்தம் கேட்டுச்சா?"

"என்ன மூச்சு?"

பிழை திருத்துபவரும் பார்த்திருக்கிறார். அவர் வீட்டுக்காரி, பக்கத்து வீடு, எல்லோரும். "நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணியிருக்கலாம் சார்," என்று எனக்கு அறிவுரை.

காலமெல்லாம் 'பாருங்கள்' என்று கெஞ்சினேன். ஒருவரும் அசையவில்லை. எனக்கு இப்போது ஒரு ஊரே சாட்சி இருக்கிறது. யாரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. என் ரசனை கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

பொறுப்பாசிரியர் எனக்குக் காபி வரவழைத்தார். இதற்குமுன் வரவழைத்ததில்லை.

"பின்னிட்டீங்க. இனிமே இதுதான் பத்தி. 'பார்க்கக் கூடாத பத்து'. வாரா வாரம் பத்து. உங்களுக்குத் திட்டறது அழகா வருது."

"நான் திட்டல சார்."

"அதான் சொல்றேன், திட்டற மாதிரியே தெரியல."

"பாராட்டித்தான் எழுதினேன். பாதிய வெட்டிட்டீங்க."

"வெட்டினதாலதான் ஓடுது."

பத்துப் படங்கள். எனக்குப் பிடித்தவற்றைத்தான் திட்ட வேண்டும்; மற்றவற்றை எதற்கு அவர்களைப் பார்க்க வைப்பது? உப்புச் சுரங்கத்தைத் திட்ட வேண்டும். குழாய் வீட்டைத் திட்ட வேண்டும். பார்ப்பார்கள், உண்மைதான். படம் முடிந்ததும் என்னைவிடத் தங்களுக்கு ரசனை அதிகம் என்று தூங்கப் போவார்கள். அதுவும் ஒரு சேவைதான்.

"என்ன, ஆரம்பிச்சுடலாமா?"

செடியைப் பார்த்தேன். ஒரு இலை புதிதாக விட்டிருந்தது.

"பாக்கலாம் சார்," என்றேன்.

சந்தோஷமாகக் கை கொடுத்தார். இந்தச் சொல்லை இவ்வளவு நம்பி ஏற்றுக்கொண்ட மனிதரை நான் இதுவரை கண்டதில்லை.

மார்ச் 29, ஞாயிறு

மாமனார் நிமிர்ந்துவிட்டார். டாக்டர் நேற்றே அனுமதி கொடுத்தார். வலது கண்ணில் இன்னும் மங்கல். போகப் போகத்தான் தெரியுமாம். முதலில் என்னைப் பார்த்தார். பழைய பார்வை. "இளைச்சிட்டீங்க மாப்ள," என்றார்.

கிளம்புவதற்கு முன்பு அந்த ஒரு காட்சியைப் போடச் சொன்னார். இடது கண்ணால், கைகட்டி, ஆடாமல் பார்த்தார்.

"கேட்டப்போ ரெண்டு பேரு இருந்தாங்க," என்றார். "பாக்கறப்போ ஒருத்திதான் இருக்கா."

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

என் இடத்தில்: தொட்டியில் கற்றாழை வளர்ப்பது எப்படி. நல்ல எழுத்து, வெட்டாமல் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

சாயங்காலம் மாமனாரிடமிருந்து போன். அவராக என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. என்னவோ ஏதோவென்று எடுத்தேன்.

"கண்ணு எப்படி மாமா?"

"முக்காவாசி வந்துடுச்சு. உங்க பக்கத்தக் காணோமே?"

"செடி போட்டுட்டாங்க மாமா."

"பாத்தேன். தண்ணி நிறைய ஊத்தக் கூடாதாம்."

அத்தையிடம் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"சரி, இப்ப என்ன பாக்கறது? சொல்லுங்க."

சொன்னேன். மூடிப் பூட்டிய ஒரு தொலைபேசி நிலையம் பற்றிய ஆவணப்படம். எல்லாக் கம்பியையும் அறுத்த பிறகும் ஒரு போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பதா வேண்டாமா என்று காவலாளிகள் முறை வைத்து யோசிக்கிறார்கள். ரொம்ப அடியில் இருக்கும், விரல் வலிக்க அழுத்த வேண்டும் என்றும் சொன்னேன்.

"பாக்கலாம்," என்றார்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியாதா. வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம். ரிமோட் பொத்தான் திரும்பத் திரும்ப. தூரத்தில் அத்தையின் குரல்: "டிவிக்கு முதுகக் காட்டி உக்காந்தா எப்படிங்க தெரியும்?"

"நீ லைட்ட அணை." பிறகு என்னிடம்: "மாப்ள, லைன்லதான இருக்கீங்க? நீங்களும் போடுங்க. யாரு எங்க நிக்கறாங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

போட்டேன். அங்கே மணி அடித்தது. ஒரு நொடி கழித்து, இங்கே.