இறங்காத சிவப்புப் பெட்டி

இன்று காலை வேனில் துடைக்கும் துணியைத் தேடியபோது உன் ஹெட்போன் கையில் தட்டுப்பட்டது. நீ போன பிறகு அதை வேறு யாரும் தொடுவதில்லை; என்னிடமே கிடக்கிறது. காதுப் பஞ்சில் இன்னும் தைல வாசம். வேலைக்கு உட்காரும் முன் நெற்றியில் தேய்ப்பாயே, அதே தைலம். முகர்ந்ததும் உன் முகத்துக்கு நேரே நிற்பதுபோல் கூசியது. அதனால்தான் இந்த மடல். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

பிரிக்பீல்ட்ஸில் நம் கம்பெனிக்குக் கல்யாணம், கோயில் திருவிழா, சாவு எல்லாம் ஒன்றுதான். எங்கே கூப்பிட்டாலும் போய் நேரலை போடுவோம். நான் வேன் ஓட்டுவேன், கேபிள் இழுப்பேன். நீ திரையில் முகத்துக்குக் கீழே பெயர் ஏற்றுவாய். "பேரு ஏத்துறது பெரிசில்ல மச்சான். இறங்குச்சான்னு பார்க்கணும். நேத்து வீட்டுப் பேரு இன்னைக்கு வீட்டுல நின்னுச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது" என்பாய்.

எந்தப் பெயர் இப்போது ஒளிபரப்பில் ஓடுகிறது, எது காத்திருக்கிறது என்று உன் கம்ப்யூட்டர் பொடி எழுத்தில் வரிவரியாகக் காட்டும். அது போதாதென்று நீ பக்கத்துத் திரை முழுவதும் ஒரே ஒரு பெட்டி வரும்படி செய்தாய். பெயர் ஒளிபரப்பில் இருந்தால் பெட்டி சிவப்பு. இறங்கிவிட்டால் சாம்பல் நிறம். கேமரா மோகன் விடவில்லை. "என்ன அண்ணே, டிராபிக் லைட்டா?" என்றான். "கண்ணு மங்குதுலா" என்று சிரித்துவிட்டாய்.

நீ வெளியே போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் என்னை உட்கார வைப்பாய். சிவப்பு ரொம்ப நேரம் நின்றால் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். காஜாங் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் நாதஸ்வரக்காரருக்குக் கீழே நின்றுபோனது. நான் கத்தினேன். தின்றுகொண்டிருந்த சாத்தே இறைச்சிக் குச்சியை வாயில் கடித்தபடியே ஓடி வந்து இறக்கினாய்.

கிள்ளானில் உன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்த அன்றும் நாங்கள்தான் நேரலை போட்டோம். உன் மகள் பெர்த்தில் நிறைமாதம். விமானம் ஏற முடியாது. அவள் பார்க்கத்தான் எல்லா ஏற்பாடும். மோகன் பந்தலில் கேமராவோடு நின்றான். உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

நேரலை தொடங்கியபோதே பெட்டி சிவப்பாக இருந்தது. நான் உட்கார்ந்த பிறகு யாரும் எதையும் ஏற்றவில்லை. ஐயர் மந்திரம் தொடங்கியும் சிவப்பு போகவில்லை. அந்த நேரம் ஹெட்போன் வழியே காதில் மோகன் கேட்டான்.

"அங்கிள், பேரு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. இந்த வரி வந்ததும் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதும்மா என்றேன். காலையில் சாப்பாட்டுக் கடையில் பேப்பரை விரித்துப் படம் பார்த்தே வயதைக் கழித்தவன் நான். சொந்தக்காரர் அத்தனை பேர் கூடிய இடத்தில் அதைப் போட்டு உடைக்க வாய் வரவில்லை.

அது முந்தின நாள் அம்பாங்கில் செத்தவருடைய பெயர். இறக்க மறந்திருக்கிறார்கள். உன் முகத்துக்குக் கீழே அது நின்றுகொண்டே இருந்தது. உன் மகள் போன் செய்து அம்மாவிடம் அழுதாள்: "அது யாரு பேரும்மா? அப்பா பேரு எங்க?" மோகன் ஓடி வந்து இறக்கினான். பார்க்கலையா அங்கிள் என்று கேட்டான். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

காரியம் முடிந்த பிறகு உன் மகளைப் போனில் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தெரியும் அங்கிள். அப்பா சொல்லியிருக்காரு. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் பெட்டி யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தனை கேலியையும் நீ வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூட என்னைக் கேட்கவில்லை. நான் உனக்கு ஒரே ஒரு நாள் காவல் இருக்க வேண்டியிருந்தது. அன்று போய் என் மானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் ரவாங்கில் ஒரு கல்யாணம். சிவப்பு ஏறியது. மோகன் வழக்கம்போல் கேட்டான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. நீ வந்து பாரு."

கேமராக்காரர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. மோகன் வந்து குனிந்து பார்த்தான். பெயர் சரியாகத்தான் இருந்தது. உன் வாசலில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, மச்சான். இப்போதெல்லாம் உன் ஹெட்போனை மாட்டியதும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.